வயிர் விழுங்கிய பாட்டு

கோலப்பன் வலது கையைத் தூக்கினார். நடந்தது அவ்வளவுதான். அந்தக் கையோடு என் பாட்டும் போயிற்று.

என் கல்யாணப் பந்தல் அது. சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். தோவாளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முற்றத்தில் ஓலைப் பந்தல், குலை தள்ளின வாழை, தலை கனக்கப் பிச்சிப்பூ, பின்கட்டிலிருந்து பிரதமன் பாயசத்துக்கு வெல்லம் உருகுகிற வாசம். நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறேன். நிமிர்ந்தால் கிள்ளு விழும். அம்மா அதற்கென்றே பின்னால் நின்றிருந்தாள்.

எதிரே கோலப்பன். மாப்பிள்ளையின் கூட்டுக்காரர், சின்ன வயதிலிருந்து கூடப் படித்தவர். குலசேகரத்தில் தமிழ் வாத்தியார். எங்களை வாழ்த்தி அவர் எழுதிய பாட்டை ஒரு தாளை வைத்துக்கொண்டு உரக்க வாசிக்கிறார்.

"குன்றெலாம் அதிரக் கொடுவயிர் முழங்க..."

அந்த 'முழங்க'வை இழுத்த இழுப்பில்தான் கை தலைக்கு மேலே போனது.

தாலி கட்டுகிற நேரத்தில் பந்தலில் ஒரு தும்மல்கூடக் காதில் விழக்கூடாது. அதற்குத்தான் கெட்டிமேளம். மேளக்காரருக்குக் கை காட்ட ஒரு ஆள் தூணோரமாக நிற்பார். பெண்ணின் தாய்மாமனோ அண்ணனோ அந்தப் பொறுப்பை ஏற்பது வழக்கம். அன்றைக்கு என் தாய்மாமன் பின்கட்டில் பப்படம் பொரிக்கிறவரோடு சண்டையில் இருந்தார். மேளக்காரர் ஒரு கை உயர்ந்ததைப் பார்த்தார். அது யார் கை என்று பார்க்கவில்லை.

தவில் இடித்தது. நாதஸ்வரம் கூடச் சேர்ந்தது. சடங்கு செய்கிற போத்தி மந்திரத்தின் நடுவில் வாயைத் திறந்தபடியே இருந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? மேளம் கொட்டினால் கட்ட வேண்டும் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். தட்டிலிருந்த தாலியை எடுத்தார், கட்டிவிட்டார். முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் ஈஸ்வரி எங்கேயோ நின்றவள் சிரித்துக்கொண்டே ஓடி வந்து முடிச்சைப் போட்டாள்.

மேளம் ஓய்ந்தபோது பந்தலில் பாதிப் பேர் இல்லை. எல்லாரும் முதல் பந்திக்குப் போய்விட்டார்கள். கோலப்பன் மட்டும் தாளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

பாட்டில் முதல் பாதி மாப்பிள்ளைக்கு. இரண்டாம் பாதி எனக்கு. மாப்பிள்ளைக்கு உரியது அந்த 'வயிர்' வரியோடு ஏறக்குறைய முடிந்திருந்தது. எனக்கு உரியதில் ஒரு எழுத்துகூட யார் காதிலும் விழவில்லை.

தாலிக்கு முன்னால்தான்

வாழ்த்துப்பாவைத் தாலி கட்டின பிறகு வாசிப்பதுதான் முறை. கோலப்பன் ஒத்துக்கொள்ளவில்லையாம். "தாலி கெட்டியாச்சுன்னா ஒருத்தனுக்கும் காது இருக்காது வே. எல்லாம் வயிறுதான். நான் எரிசேரிக்கா பாட்டு வாசிக்கணும்?" என்று என் மாமனாரிடமே கேட்டிருக்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. மற்ற ஊர்க் கவிஞர்கள் வாழ்த்துமடலை நாகர்கோவிலில் கொடுத்து ரோஸ் தாளில் அச்சடித்து, பந்தலில் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். கோலப்பன் மாட்டார். அரங்கேறாத பாட்டு அச்சேறக்கூடாது என்பது அவர் சட்டம். சபையில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து முடித்த பிறகுதான் அச்சு, கண்ணாடி, சட்டம் எல்லாம்.

என் பாட்டு பாதிதான் அரங்கேறியது. ஆகவே அச்சேறவில்லை.

வெறும் ஆணி

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் கீரிப்பாறை வீட்டைப் பற்றி எழுதும்போது, முன்னறைச் சுவரில் ஒரு வெறும் ஆணி உண்டு என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஆணிக்குக் காரணம் இதுதான்.

என் வீட்டுக்காரரை 'இவர்கள்' என்றுதான் சொல்வேன். இவர்களுக்கு அங்கே ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற வேலை. கல்யாணமான மறுவாரம் தோட்டத்துக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஓட்டுக்கூரை, எந்நேரமும் ஈரம், எதை எடுத்தாலும் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வாசம். குடிபோன அன்றைக்கே இவர்கள் முன்னறைச் சுவரில் ஒரு ஆணி அடித்தார்கள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"கோலப்பன் மடல் தருவான்லா. அதுக்கு."

மடல் வரவில்லை. ஆணி இருந்தது.

பக்கத்து வீட்டில் டிரைவர் மனைவி தங்கம்மை. அவள் வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வாழ்த்துமடல். ஓரமெல்லாம் மயில். அதில் அவளை வெண்ணிலா என்று எழுதியிருந்தது. வெண்ணிலாவாம்! எதிரே நின்று பேசினால் எச்சில் தெறிக்கும். நான் அந்த வீட்டுக்கு உப்பு வாங்கப் போனாலும், மோர் வாங்கப் போனாலும், அந்தச் சட்டத்தைப் பார்க்காமல் திரும்பி வந்ததில்லை. வயிறு எரியும். வீட்டுக்கு வந்தால் ஆணி.

எனக்கு நகையில் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நகை எல்லாருக்கும் உண்டு. என்னைப் பார்த்து, என்னை நினைத்து ஒருவர் உட்கார்ந்து எழுதிய நாலு வரி எனக்கு உண்டு என்பதும், அது என்ன என்று எனக்கே தெரியாது என்பதும்தான் ஆற மாட்டேன் என்றது. என் மாமியார் வேறு, வீட்டில் பால் திரிந்தாலும் பசு கன்று போடத் தாமதித்தாலும், "நேரம் தப்பின தாலிலா" என்பார். பாட்டும் போயிற்று, பேரும் கெட்டது.

அது கொம்புதான்

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு ஒரு கொம்பு ஊதுவார்கள். முற்பகலில் சிரட்டைகளில் வடிந்த ரப்பர் பாலைச் சேர்த்தெடுக்க இன்னொரு தடவை ஊதுவார்கள். ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இவர்களிடம் கேட்டேன்.

"இந்தா ஊதுதாங்களே, இதாக்கும் வயிரு?"

"இது கொம்பு."

"பொறவு வயிருன்னா?"

"அதுவும் கொம்புதான்."

"அப்ப கொம்புன்னே எழுதிட்டுப் போயிருக்கலாம்லா? கொம்புன்னா கையைத் தூக்க வேண்டி வந்திருக்காது."

"கோலப்பன்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்கள். எங்கள் வீட்டுக்காரர் பேச்சு இவ்வளவுதான். ஒரு நாளைக்கு அவர்கள் பேசுகிறதை ஒரு உழக்கில் அளந்துவிடலாம்.

கேட்கத்தான் செய்தேன். கோலப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் குலசேகரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். புளிசேரி என்றால் உயிர்.

"வயிருன்னா என்ன அண்ணாச்சி?"

"வளைஞ்ச ஊதுகொம்பு தங்கச்சி. பழைய பாட்டுல படை எழும்பினா சங்கு ஒரு பக்கம் ஊதும், வயிர் ஒரு பக்கம் ஊதும். ராசாக்க வாசல்ல கேக்குற சத்தமாக்கும் அது."

"நீங்க கல்யாணத்துக்கு வந்தியளா, சண்டைக்கு வந்தியளா?"

"மாப்பிள்ளை வீரன்லா? வீரனுக்கு வயிர் ஊதாம நையாண்டிமேளமா அடிக்கச் சொல்லுதிய?"

வீரன் அப்போது ரசத்தில் கிடந்த மிளகாயைப் பொறுக்கி இலையோரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, என் பாதி எங்க?" என்றேன்.

"அரங்கேறல்லியே தங்கச்சி. நல்ல ஒரு சபை வரட்டும்."

"என் கல்யாணத்துக்கு இன்னொரு சபை எங்கேருந்து வரும்? இன்னொரு தடவை தாலி கெட்டச் சொல்லட்டா?"

அவர் சிரித்தார். இவர்களும் சிரித்தார்கள். நான் புளிசேரிச் சட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டேன். இரண்டாம் தடவை கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வயிரைத் தேடி

பாட்டை விழுங்கின வார்த்தையைச் சும்மா விடக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். வாசிக்கப் பிடிக்கும். இவர்கள் நாகர்கோவில் போகும்போதெல்லாம் வாசகசாலையிலிருந்து அகராதியும் பழம்பாட்டு உரைகளும் எடுத்து வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை, கொண்டுவந்து போட்டார்கள். அடுப்பில் சோறு கொதிக்கும். நான் முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வயிரைத் தேடுவேன்.

ஊதுகிற கருவிக்குத் தமிழில் எத்தனை பேர் பாருங்கள். கோயில் எழுந்தருளலில் வளைந்து வருவது கொம்பு. நீளமாகப் போவது தாரை. காளம் என்றும் எக்காளம் என்றும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை உண்டு. தோட்டத்து வேதக்கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தில் எக்காளம் வராத ஞாயிறு இல்லை என்று தங்கம்மை சொல்வாள். எக்காளத்தைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வயிரை யாருக்கும் தெரியாது. அது பழைய பாட்டிலேயே நின்றுவிட்டது.

அங்கே அதற்கு நல்ல மரியாதை. பெரும்பாலும் சங்கோடு ஜோடியாக வரும். படை புறப்படும் இடம், பாசறை, பெரிய வாசல், தெய்வம் எழுந்தருளுகிற மலை, இப்படி. கூத்தாடிப் பிழைத்தவர்களுக்கு வயிரியர் என்றே ஒரு பேர். வயிரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களாக இருக்க வேண்டும். இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குப் பிடித்துப் போயிற்று. பிடித்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அன்றில் வந்தது. எப்போதும் இணையோடு இருக்கிற பறவை, துணையைப் பிரிந்தால் உயிர் தரிக்காது என்பார்கள். பனைமரத்திலிருந்து அது கூப்பிடுகிற குரல் வயிர் ஊதுகிற மாதிரி இருக்குமாம். புருஷன் ஊரில் இல்லாத பெண் அந்தக் குரலைக் கேட்டால் தாங்க மாட்டாள் என்று ஒவ்வொரு புலவரும் எழுதி வைத்திருக்கிறார்.

நான் புத்தகத்தை மூடினேன். ஒரு பறவைக்கு இத்தனை பாட்டு! படைக்கு வயிர், தெய்வத்துக்கு வயிர், அன்றிலுக்கு வயிர். பெண்ணுக்காக ஒரு தடவை அதை ஊதினதாக, நான் தேடின மட்டும், ஒரு வரி இல்லை. அன்றில்மேல் பொறாமைப்பட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கோலப்பனோ இதற்குள் பெரிய ஆளாகிவிட்டார். எங்கள் தாலுகாக்கள் எல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அவர் மேடையேறி, "கொடுவயிர் முழங்க!" என்று கையைத் தூக்கினால் கைதட்டல் அடங்காது. என் பந்தலில் எந்தக் கை பாட்டைக் கெடுத்ததோ அதே கைக்குத்தான். கீழே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஈஸ்வரி

ஈஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் உத்தியோகம்.

ஈஸ்வரி நல்லவள். அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மைனி, மைனி" என்று பின்னாலேயே வருவாள். அழகு. நல்ல முடி. சிரித்தால் கன்னத்தில் குழி. எந்தச் சீலையைச் சுற்றினாலும் அவளுக்கென்றே நெய்த மாதிரி இருக்கும். என் கல்யாணச் சீலையை ஒரு திருவிழாவுக்குக் கட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அது எனக்கு நன்றாக இல்லை.

என் அட்டியலைக் கேட்டார் மாமியார். "ஒரு நாளைக்குத்தானே மக்கா. பிள்ளைக்குக் கழுத்து நெறஞ்சு இருக்கணும்லா." கழற்றிக் கொடுத்தேன். அட்டியல் திரும்பி வந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஈஸ்வரி அடுக்களைக்கு ஓடி வந்தாள்.

"மைனி, கோலப்பன் அண்ணாச்சி எனக்கும் பாட்டு வாசிக்காராம்! உங்களுக்கும் அவருதானே எழுதினாரு? உங்களை என்னன்னு எழுதினாரு மைனி?"

"நல்லா எழுதினாரு" என்றேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரலைக் கிழித்துக்கொண்டேன்.

மறுபடியும் ஒரு பந்தல்

அன்றைக்குக் காலையிலேயே நல்ல வெயில். பந்தலுக்குள் சந்தனமும் வியர்வையும் கலந்த வாசம். மணையில் ஈஸ்வரி. கழுத்தில் என் அட்டியல். கண் கூசியது. பெண்ணின் அண்ணன் என்பதால் கெட்டிமேளத்துக்குக் கை காட்டுகிற பொறுப்பு இவர்களுக்கு. தூணோரமாக, மேளக்காரர் பார்வையில் படுகிற இடத்தில் நின்றிருந்தார்கள்.

முகூர்த்தம் தொடங்கிவிட்டது. போத்தி தாலித் தட்டைச் சபையில் எல்லாரும் தொட்டு வாழ்த்தச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இடைவெளியில் கோலப்பன் எழுந்தார். இப்போது தோளில் சரிகைத் துண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முதல் வரியிலேயே தலையைத் தூக்கினேன்.

அது எனக்குத் தெரிந்த வரி. என் பந்தலில், தலையைக் குனிந்துகொண்டு நான் கேட்ட வரி. மாப்பிள்ளையின் பேர் மட்டும் மாறியிருந்தது. இரண்டாவது வரி. அதுவும் அதேதான். மூன்றாவதும். எங்கள் வீட்டுக்காரரின் தோள், எங்கள் வீட்டுக்காரரின் நடை, எங்கள் வீட்டுக்காரரின் குலப்பெருமை எல்லாம் திருவனந்தபுரத்து உத்தியோகஸ்தருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல ஒரு சபை வரட்டும் என்று சொன்னாரே, இதுதான் அந்தச் சபை!

இவர்களைத் திரும்பிப் பார்த்தேன். இவர்கள் பாட்டைக் கோலப்பன் இன்னொருத்தனுக்கு வாசிக்கிறார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. பந்தல் கூரையில் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த மனுஷனுக்குச் சூடு சொரணை ஏதாவது உண்டா என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

"குன்றெலாம் அதிரக் கொடுவயிர் முழங்க..."

அந்த இடம் வந்ததும் கோலப்பன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் பிடித்துக்கொண்டார். பாடம் படித்திருக்கிறார்.

"வென்றவன் போல வந்தனன் நம்பி!"

மாப்பிள்ளைப் பாதி முடிந்தது. மேளம் கொட்டவில்லை. சபை அமைதியாக இருந்தது. கோலப்பன் தாளைத் திருப்பினார். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் இருந்தது நான். இத்தனை வருஷம் யாரும் கேட்காத நான். அதைக் கேட்க நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கப் போகிறேன், என் அட்டியலைப் போட்டுக்கொண்டிருக்கிற ஈஸ்வரியின் பேரில். அவள் தலையைக் குனிந்துகொண்டு, காது மடல் சிவக்க, காத்திருந்தாள்.

எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு எழுத்தைக்கூட விடக்கூடாது என்றும் இருந்தது.

"இனி மணமகள்..." என்றார் கோலப்பன்.

தூணோரத்தில் ஒரு விரல் உயர்ந்தது.

கெட்டிமேளம்! தவில் இடித்த இடியில் பந்தல் கால் அதிர்ந்தது. தட்டு அப்போதுதான் போத்தி கைக்குத் திரும்பியிருந்தது. அவர் தாலியை எடுத்து நீட்ட, மாப்பிள்ளை வாங்கிக் கட்டினார். அரிசியும் பூவும் பறந்தன. கோலப்பனின் வாய் அசைந்துகொண்டிருந்தது, ஒரு எழுத்தும் கேட்கவில்லை. நான் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை மடக்கி, கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடியும் பந்தல் கூரையைப் பார்த்தார்கள்.

"நேரம் ஆகல்லியே மக்கா?" என்று மாமியார் பதறிக்கொண்டு வந்தார்.

"ஆயாச்சும்மா" என்றார்கள்.

அன்றைக்குப் பிறகு மாமியார் வாயிலிருந்து 'நேரம் தப்பின தாலி' என்ற பேச்சு வரவில்லை.

பந்திக்கு ஆள் நகர்ந்ததும் கோலப்பன் தூணோரம் வந்தார். நான் பூத்தட்டை எடுக்கிற சாக்கில் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்ன வே, உமக்கும் என் பாட்டுக்கும் அப்படி என்ன விரோதம்?"

"மாப்பிள்ளைக்கு உள்ளது வாசிச்சாச்சுல்லா? நான் ஒண்ணும் சொல்லல்லியே" என்றார்கள். "பொறவு உள்ளது வேற ஆளுக்கு எழுதினதாக்கும்."

கோலப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெற்றிலைத் தட்டு இருந்த பக்கம் போய்விட்டார்.

பால் எடுக்கிற நேரம்

மறுநாள் கீரிப்பாறைக்கு முதல் பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் நான் பேசவில்லை. இவர்கள் பேசாதது புதிதில்லை. வீட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, பெட்டியைக் கீழே வைத்தேன். எதிரே ஆணி.

"உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியுமா?"

"ம்."

"எல்லாமா?"

"கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கால்வாயில குளிக்கும்போ வாசிச்சுக் காட்டினான்."

"ஒரு தடவை கேட்டா மனசுல இருக்குமா?"

"உனக்கு உள்ள பாட்டுலா. இருக்கும்."

"இவ்வளவு வருஷம் நான் ஆணியைப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லல்லியே நீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

இவர்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"பெண்ணு பாக்க வந்தது நான்" என்றார்கள். "உன்னைப் பாத்துட்டு வந்து அவன்கிட்ட சொன்னதும் நான். நான் சொன்னதைக் கேட்டு அவன் எழுதினான். எனக்கு எழுத வரல்ல. அவன் எழுதினதைக் கொண்டுவந்து, இஞ்ச பாரு, கோலப்பன் உன்னை இப்படிச் சொல்லியிருக்கான்னு நானே உன்கிட்ட சொல்லணுமா? எனக்கு மனசு வரல்ல."

கணக்கும் ஆபீசும் தவிர உலகம் தெரியாது என்று நான் நினைத்த மனுஷர். ரசத்தில் மிளகாய் பொறுக்குகிற வீரர். இவருக்குப் பொறாமை! அதுவும் என் பொருட்டு! எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது. தங்கம்மை வீட்டு மயில் சட்டமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இப்ப சொல்லுங்க" என்றேன்.

"இப்பமா?"

"இப்பந்தான்."

எழுந்து நின்றார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஆபீசில் பால் கணக்கு வாசிக்கிற குரலில், ராகம் இல்லாமல், ஏற்றம் இறக்கம் இல்லாமல், "இனி மணமகள்" என்று தொடங்கினார்கள்.

ஒரு வரிதான் ஆகியிருக்கும். வெளியே பால் எடுக்கக் கொம்பு ஊதினார்கள். மலையில் பட்டு, திரும்பி வந்து, அடங்குகிற வரை நீளமான ஊது. இவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கொம்பு முழுக்க ஓய்கிற வரை காத்திருந்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கி, கடைசி வரி வரை சொன்னார்கள்.

நான் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ஆபீசுக்கு அவர்கள் தாமதமாகத்தான் போனார்கள்.

ஆணியில் கடைசி வரை ஒன்றும் மாட்டவில்லை. கோலப்பன் போய் நாளாயிற்று. அரங்கேறாத பாட்டை அவர் அச்சடிக்கவில்லை. இவர்களும் போய்விட்டார்கள். அந்த வரிகள் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான்.

அது என்ன பாட்டு, இங்கே எழுதலாமே என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். நல்ல தமிழ், நாலு பேர் படிக்கட்டும் என்றார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஈஸ்வரி இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்கி வாசிக்கிறாள்.